வேலையும் நோயாளியும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் தவக்காலத்தை எப்படி அனுசரிப்பது?

கேள்வி: வெள்ளவத்தைவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் குடும்பத்தோடு வசிக்கும் கத்தோலிக்கப் பெண். கோட்டையில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவருக்குத் துறைமுகத்தில் பகலும் இரவும் மாறிமாறி வரும் வேலை. மூத்த மகனுக்கு 15 வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். மகள் இந்த வருடம் முதல் நன்மைக்கு, அதாவது நற்கருணையை முதன்முறையாக வாங்குவதற்கு, ஆயத்தமாகிறாள். மன்னாரைச் சேர்ந்த என் மாமியும், அதாவது கணவரின் தாயாரும், எங்களோடுதான் இருக்கிறார். அவர் 70 வயதைத் தாண்டியவர், நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர். முழங்கால் வருத்தத்தால் மூன்றாம் மாடியிலிருந்து கீழே இறங்குவதே அவருக்குப் பெரும்பாடு.

நான் வளர்ந்தது யாழ்ப்பாணம் பாஷையூரில். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிய நேரத்திலிருந்து அங்கே ஊரின் நடையே மாறிவிடும். கலியாணம் வைக்க மாட்டார்கள். வீடுகளில் பாட்டுச் சத்தம் அடங்கிவிடும். கடலை நம்பி வாழும் ஊராக இருந்தும் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைகளில் அடுப்பில் மீன் ஏறாது. பின்னேரமானால் முழுக் குடும்பமும் சேர்ந்து, ஆண்டவர் சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு நடந்து போவோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய பெரிய கிழமையில் வியாகுலப் பிரசங்கம் ராகத்தோடு வாசிக்கப்படும்போது பெண்கள் கண்ணீர் விடுவதைப் பார்த்துத்தான் ஆண்டவருடைய பாடுகளை நான் முதலில் அறிந்துகொண்டேன்.

இங்கே என் வெள்ளிக்கிழமை வேறு மாதிரி. 100ஆம் இலக்க பஸ் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வெள்ளவத்தைக்கு வந்து சேரும்போது ஆலயத்தில் சிலுவைப்பாதை பாதியைத் தாண்டியிருக்கும். ஓடிப்போய்க் கடைசி நிலைகளிலாவது சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தால், மாமிக்கு இன்சுலின் போட்டு உரிய நேரத்தில் இரவுச் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கிறது. மகன் ரியூஷன் முடிந்து பசியோடு வருவான். மகளின் வீட்டுப்பாடம் காத்திருக்கும். எல்லாம் முடிந்து செபமாலையைக் கையில் எடுக்கும்போது இரண்டாம் தேவ இரகசியத்துக்கு முன்பே கண் அசந்துவிடும்.

இதற்கிடையில் மாமி, தவக்காலம் முழுவதும் ஒருசந்தி நோன்பு பிடிப்பேன் என்று உறுதியாக நிற்கிறார். நான் வேலைக்குப் போன பின் காலைச் சாப்பாட்டைத் தொடாமல் வைத்துவிடுகிறார். கேட்டால், "இந்த வயதில் இதையும் விட்டுவிட்டு ஆண்டவர் முன்னால் எப்படிப் போய் நிற்பது?" என்கிறார். மகனோ, வெள்ளிக்கிழமை இறைச்சியை விடுவதால் கடவுளுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்கிறான். இருவருக்கும் நடுவில் நின்று, இருவருக்கும் தக்க பதில் சொல்ல முடியாதவளாக இருக்கிறேன்.

தவக்காலத்தில் திருச்சபை கட்டாயமாகக் கேட்பது எது, நாமாக விரும்பி ஏற்பது எது என்பதை அறிய விரும்புகிறேன். இப்படியான வீட்டில் சேர்ந்து செபிப்பதற்கு நீங்கள் கண்ட வழி என்ன என்பதையும் சொல்லுங்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு உடுப்பு வாங்கும் நேரம் வந்த பிறகுதான் தவக்காலம் கடந்து போனது தெரிகிறது என்ற நிலை இந்த வருடமும் வரக்கூடாது என்பது என் பெரும் ஆசை.

மறுமொழி: கொட்டாஞ்சேனை அம்மா

அன்புள்ள தங்கச்சி, நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, பேரப்பிள்ளைகளையும் கண்டவள். புனித லூசியா பேராலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்துங்கூட, பிள்ளைகள் சிறியவர்களாகவும் மாமியார் படுக்கையிலும் இருந்த வருடங்களில் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு ஒழுங்காகப் போக எனக்கு வாய்த்ததில்லை. ஆகவே இது பஸ்ஸின் பிரச்சினை மட்டுமல்ல. நோயாளியும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீடு அப்படித்தான் இருக்கும். அதற்காக உங்கள் மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. என் மாமியார்தான் அதைத் தொடக்கி வைத்தவர். விபூதிப் புதனிலிருந்து ஒவ்வொரு மாலையும் சிலுவைப்பாதையின் ஒரேயொரு நிலையை மட்டும் செபிப்போம். மொத்தம் 14 நிலைகள் என்பதால், உயிர்ப்பு ஞாயிறு வருவதற்குள் முழுப் பாதையையும் மூன்று முறை சுற்றி வந்துவிடலாம். ஒரு நிலைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்காது. மாமியார் கட்டிலில் சாய்ந்தபடி புத்தகத்தைப் பார்க்காமலே செபத்தைச் சொல்லுவார். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நிற்பார்கள். நான் சொதியைக் கிளறியபடி குசினி வாசலில் நின்று பதில் சொல்லுவேன். சோறு வடிக்கிற நேரத்தில் செபம் சொல்லக்கூடாது என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது உங்கள் மாமியைப் பற்றியது. அவரிடம் "உங்களுக்கு வயது போய்விட்டது, வருத்தம் இருக்கிறது, நோன்பு தேவையில்லை" என்று மட்டும் சொன்னால், தவக்காலத்தில் தனக்கு இனி இடமே இல்லை என்றுதான் அவருக்குப் படும். சிறுவயதிலிருந்து நோன்பிருந்தே ஆண்டவரை நேசித்துப் பழகிய ஒரு பெண்ணின் கையிலிருந்து அதைப் பறித்தால், அந்தக் கையில் வேறொன்றை வைக்க வேண்டும். வீட்டுச் செபத்தை நடத்தும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். மகளை முதல் நன்மைக்கு ஆயத்தப்படுத்தும் வேலையில் பாதியை அவரிடம் விடுங்கள். மனத்துயர் செபத்தையும் விசுவாச முயற்சியையும் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க அப்பம்மாவை விடச் சிறந்தவர் யார் இருக்கிறார்? காலைச் சாப்பாட்டை, இன்னாருக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று ஒரு பெயரைச் சொல்லி, சீனி போடாத தேநீரோடு கீழ்ப்படிந்து சாப்பிடுவதும் ஒறுத்தல்தான். பிடிவாதமாகப் பட்டினி கிடப்பதைவிட அது கடினமானது.

எங்கள் பகுதியில் தவக்காலத்தைப் பற்றிப் பேசும்போது 2019 ஏப்ரல் 21ஆம் திகதியைச் சொல்லாமல் விட முடியாது. அந்த உயிர்ப்பு ஞாயிறன்று காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அதன் பிறகு எங்கள் வீட்டில் நான்காம் நிலையை, ஆண்டவர் தம் தாயைச் சந்திக்கும் அந்த நிலையை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்காக ஒப்புக்கொடுக்காமல் ஒரு தவக்காலமும் போனதில்லை. பேரப்பிள்ளைகள் அந்த நாளைக் கண்டவர்கள் அல்லர். ஆனாலும் அந்த நிலையில் எதற்காகச் சற்று அதிக நேரம் நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு நிலையை ஓர் ஆளின் துயரத்தோடு சேர்த்துச் செபிக்கும்போது பிள்ளைகளுக்குச் சலிப்பு வருவதில்லை என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தர்மத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை இறைச்சிக்கும் மீனுக்கும் போகிற காசைத் தனியாக எடுத்து ஒரு பேணியில் போட்டு வையுங்கள். பருப்பும் கீரையும் பாணுமாக அன்றைய சாப்பாட்டை முடித்துக்கொண்டால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பிள்ளைகளே எண்ணட்டும். ஆலயத்தின் தவக்கால உண்டியலுக்குக் கொடுப்பதில் குறையில்லை. ஆனால் உங்கள் மாடித் தொடரிலேயே, அல்லது அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறவர்களிடையே, பாடசாலைக் கொப்பிகள் வாங்க முடியாமல் தவிக்கும் ஒரு தாய் நிச்சயம் இருப்பார். அவருக்குப் போனால் மகனுடைய கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். கொடுத்ததை வெளியே சொல்லவேண்டாம்.

மறுமொழி: மறைக்கல்வி ஆசிரியர்

சகோதரி அவர்களுக்கு, கட்டாயம் எது என்று நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இன்றைய திருச்சபைச் சட்டத்தின்படி ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்து கடமையாக இருப்பது விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டு நாட்களில் மட்டுமே. தவக்காலத்தின் ஏனைய வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விலக்குவது, கடமையாகிறது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களைக் கட்டும். 60ஆம் வயது தொடங்கும்போது, அதாவது 59 வயது நிறைவடைந்ததும், அந்தக் கடமை நீங்கிவிடும். ஒருசந்தி நாளில் ஒரு முழுச் சாப்பாடும், அதைவிடக் குறைந்த அளவில் இரண்டு சிற்றுணவும் எடுக்கலாம். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதற்கு உட்பட்டவர்கள் அல்லர்.

எனவே உங்கள் மாமி வயதாலும் நோயாலும் இரண்டு முறை விடுவிக்கப்பட்டவர். அத்துடன், இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது இரத்தத்தில் சீனியின் அளவை ஆபத்தான நிலைக்கு இறக்கி, மயக்கத்துக்கும் உயிராபத்துக்கும் இட்டுச் செல்லக்கூடிய காரியம். அதைத் தவமென்று திருச்சபை ஒருபோதும் கேட்டதில்லை. இதை நீங்கள் சொல்வதைவிடப் பங்குத்தந்தை நேரில் வந்து சொன்னால் அவர் மனம் ஏற்கும். மன்னார்த் தாய்மாருக்குச் சுவாமியின் சொல்லில் இருக்கும் மதிப்பு உங்களுக்குத் தெரியாததல்ல.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாமா என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. சட்டம் விலக்குவது இறைச்சியை மட்டும்தான். ஆனால் இறைச்சியை விட்டுவிட்டு இறாலும் கணவாயும் நண்டும் வாங்கிச் சமைப்பது சட்டத்தை மீறாவிட்டாலும், அதன் நோக்கத்துக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. பாஷையூரில் உங்கள் தாயார் மீனையும் விட்டது அந்த நோக்கத்தை நன்றாக உணர்ந்த செயல். கொழும்பில் சாதாரண வீட்டுக்கு நெத்தலிச் சொதி பெரிய விருந்து அல்ல. அதையிட்டு மனக்குழப்பம் கொள்ள வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எப்போதும் ஆண்டவருடைய உயிர்ப்பின் நாட்கள் என்பதால் 40 நாள் கணக்கில் அவை சேர்வதில்லை. மார்ச் 19ஆம் திகதி வரும் புனித சூசையப்பர் பெருவிழா வெள்ளிக்கிழமையில் அமைந்தால் அன்றும் சுத்தபோசனக் கடமை இல்லை.

உங்கள் மகனின் கேள்வி நல்ல கேள்வி. அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், எசாயா ஆகமத்தின் 58ஆம் அதிகாரத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். நோன்பிருந்தும் கடவுள் பார்க்கவில்லையே என்று முறையிட்ட மக்களுக்கு, பசித்தவனோடு உணவைப் பகிர்வதும் ஒடுக்கப்பட்டவனை விடுவிப்பதுமே தாம் விரும்பும் நோன்பு என்று கடவுள் மறுமொழி சொல்லும் பகுதி அது. இறைச்சியை விடுவதால் கடவுளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்று அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. கிடைக்க வேண்டியது பசித்தவனுக்கும், தன் விருப்பத்துக்கு மறுப்புச் சொல்லப் பழகும் அவனுக்கும்தான். 15 வயதுப் பிள்ளையிடம் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தைக் கடமையாகக் கேளுங்கள். அதற்கு மேல் எதை விடுவது என்பதை அவனே தெரிந்தெடுக்கட்டும். அது இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கைத்தொலைபேசியாக இருந்தால், இறைச்சியை விடுவதைவிட அது அவனுக்குக் கடினமான நோன்பாக இருக்கும்.

இனி உங்களைப் பற்றி. சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் வரும் சீரேனே ஊர் சீமோனை நினைத்துப் பாருங்கள். மாற்கு நற்செய்தி 15ஆம் அதிகாரத்தின்படி அவர் வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர். ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்கவென்று அவர் அங்கே போகவில்லை. அவ்வழியே வந்தவரைப் படைவீரர்கள் பிடித்து, அவர் கேளாத ஒரு பாரத்தை அவர்மேல் சுமத்தினார்கள். சிலுவையின் மிக அருகில் நடந்து போகும் பேறு, அன்று கட்டாயத்தின் பேரில் அவருக்குக் கிடைத்தது. கோட்டையிலிருந்து களைத்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மாமியின் இன்சுலினையும் மகனின் பசியையும் மகளின் பாடத்தையும் தோளில் ஏற்கும் பெண், ஆலயத்தில் நடக்கும் சிலுவைப்பாதையைத் தவறவிட்டாலும், சீமோனுக்கு வாய்த்த இடத்திலேயே நிற்கிறார். மாற்கு அவரை அலக்சாந்தர், ரூபு என்பவர்களின் தந்தை என்று அறிமுகப்படுத்துகிறார். அந்தப் பிள்ளைகள் ஆதிச் சபையில் அறியப்பட்டவர்களாக இருந்ததால்தான் அப்படி எழுதினார் என்று வேத விளக்கவுரையாளர் பலர் கருதுகிறார்கள். பாரம் சுமந்த தகப்பனின் பிள்ளைகள் விசுவாசத்தில் நிலைத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தரும் செய்தி.

மார்ச் 9ஆம் திகதி, பெரும்பாலும் தவக்காலத்துக்குள் வரும் நாளில், உரோமை நகரப் புனித பிரான்சிஸ்காவைத் திருச்சபை நினைவுகூருகிறது. 1384இல் பிறந்து 1440இல் இறந்த அவர், மணமாகிப் பிள்ளைகளைப் பெற்றுப் பெரிய குடும்பத்தை நடத்தியவர். மரியன்னையின் செபத்தைச் சொல்லத் தொடங்கிய போதெல்லாம் வீட்டு அலுவல் ஒன்றுக்காக அழைக்கப்பட்டு, ஒரே வசனத்தில் மீண்டும் மீண்டும் நிறுத்த நேர்ந்ததாகவும், ஒவ்வொரு முறையும் முகம் கோணாமல் எழுந்து சென்றதாகவும், கடைசியாகத் திரும்பி வந்தபோது அந்த வசனம் பொன்னெழுத்தில் ஒளிர்ந்ததாகவும் அவரைப் பற்றிய மரபு சொல்கிறது. இரண்டாம் தேவ இரகசியத்தில் உறங்கிப் போகும் தாய்மாருக்கு நான் இவரைத்தான் பாதுகாவலியாகச் சொல்லுவது வழக்கம்.

மதிய இடைவேளையில் ஒரு சிறு பொழுது கிடைத்தால், புறக்கோட்டையில் புனித பிலிப்பு நேரியார் ஆலயம் இருக்கிறது. ஆலயம் திறந்திருக்கும் நாளில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து வாருங்கள். களைப்புக்கு முன்னால் செபிப்பதும் களைப்புக்குப் பின்னால் செபிப்பதும் ஒன்றல்ல.

மறுமொழி: தெகிவளையிலிருந்து ஒருவர்

நான் சைவன்; என் மனைவி கத்தோலிக்கர். ஆயரின் அனுமதியோடு ஆலயத்தில் திருமணம் நடந்தது. பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். உங்கள் சமயச் சட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் உங்கள் கேள்வியை வாசித்தபோது ஒன்று என் மனதை உறுத்தியது. மாமி, மகன், மகள், பஸ், அலுவலகம் எல்லாவற்றையும் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், கணவரைப் பற்றி அவருடைய வேலைமுறையை மட்டுமே சொல்லியிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சமையல் என் பொறுப்பு. என் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை எப்படியும் மரக்கறி நாள்தான், ஆகவே ஒரே உலையில் இரண்டு பேருடைய விரதமும் ஒப்பேறிவிடும். மனைவி பிள்ளைகளோடு சிலுவைப்பாதைக்குப் போய்வரும் வரை அம்மாவின் மருந்தையும் இரவுச் சாப்பாட்டையும் நான் பார்த்துக்கொள்வேன். 2022இல் சித்திரைப் புத்தாண்டும் பெரிய வியாழனும் ஏப்ரல் 14ஆம் திகதி ஒன்றாக வந்தன. காலையில் அம்மாவுக்காகப் பொங்கினோம். பின்னேரம் மனைவியும் பிள்ளைகளும் பாதம் கழுவும் பூசைக்குப் போனார்கள். ஒருவருக்காக ஒருவர் நேரத்தை விட்டுக்கொடுத்ததால் இரண்டும் நடந்தன.

உங்கள் கணவர் மாமியின் சொந்த மகன். அவருக்குப் பகல் வேலை முடிகிற வெள்ளிக்கிழமை, அல்லது ஓய்வு நாள், இந்தக் காலத்தில் ஒன்றிரண்டாவது வரும். அந்த நாட்களில் தாயின் இன்சுலினையும் சாப்பாட்டையும் தான் ஏற்றுக்கொண்டு உங்களை ஆலயத்துக்கு அனுப்புவதை அவருடைய தவக்கால ஒறுத்தலாகக் கேட்டுப் பாருங்கள். பெண்கள் கேட்பதற்குத் தயங்குகிறார்கள்; கேட்டால் பல ஆண்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

வெள்ளவத்தைவாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கொட்டாஞ்சேனை அம்மா சொன்னபடி மாமியிடம் வீட்டுச் செபத்தை நடத்தித் தரும்படி கேட்டேன். முதலில் மறுத்தார், பிறகு, "நான் மன்னாரில் சொன்ன பழைய செபங்கள்தான் எனக்கு வரும், பிள்ளைகளுக்கு விளங்குமோ தெரியாது" என்றார். அப்படியே சொல்லுங்கள் மாமி, விளங்காததைப் பிள்ளைகள் உங்களிடமே கேட்பார்கள் என்றேன். நேற்று முதலாம் நிலையைச் சொன்னார். மகன் தன் அறை வாசலில் நின்றுதான் பதில் சொன்னான், ஆனால் சொன்னான். கணவரிடமும் பேசினேன், அடுத்த வாரம் அவருக்குப் பகல் வேலை என்பதால் வெள்ளிக்கிழமைப் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்கிறார்.

காலைச் சாப்பாடு மட்டும் இன்னும் இழுபறியாக இருக்கிறது. பங்குத்தந்தை வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அதோடு சேர்த்து இன்னொன்றையும் அறிய வேண்டும். பெரிய கிழமையில் மாமி வீட்டிலேயே நன்மை வாங்க முடியுமா? பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் பூசை இல்லாததால் நன்மை கொண்டுவர மாட்டார்கள் என்று அவர் நினைத்துக் கவலைப்படுகிறார். முதல் நாளிரவிலிருந்தே ஒன்றும் சாப்பிடாமல் இருந்துதான் நன்மை வாங்க வேண்டும் என்றும் உறுதியாக நம்புகிறார்.

மறைக்கல்வி ஆசிரியர்

முடியும், சகோதரி. பெரிய வெள்ளியன்று திருப்பலி இல்லாவிட்டாலும், முதல் நாள் பூசையில் வசீகரித்த, அதாவது புனிதப்படுத்திய, நற்கருணையை ஆலயத்தில் பாடுகளின் வழிபாட்டின்போது மக்களுக்குக் கொடுக்கிறார்கள். நோயாளிகளுக்குப் பெரிய வியாழனிலும் பெரிய வெள்ளியிலும் எந்த நேரத்திலும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பெரிய சனியன்று மட்டும், மரண ஆபத்தில் இருப்பவர்களுக்கு வழித்துணையாகவே தவிர, கொடுப்பதில்லை.

நள்ளிரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பது அவருடைய பெற்றோர் காலத்து ஒழுங்கு. ஆகவே அவர் அதைப் பற்றிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. இன்று பொதுவாக ஒரு மணிநேரம் உணவை விலக்கினால் போதுமானது. தண்ணீரும் மருந்தும் அதைக் கெடுப்பதில்லை. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அந்த ஒரு மணிநேரம்கூடக் கட்டாயமில்லை. அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் அதே சலுகையைச் சட்டம் வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறது. ஆகவே மாமிக்குச் சாப்பாடு கொடுத்து நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்ட நேரத்தில் குருவானவர் வந்தாலும், நீங்களும் அவரோடு சேர்ந்து நன்மை வாங்கலாம்.

பெரிய கிழமையில் குருக்களுக்கு வேலை மிகுதி. ஆகவே குருத்து ஞாயிறுக்கு முன்பே பங்குப் பணிமனையில் மாமியின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும், மூன்றாம் மாடி என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாவசங்கீர்த்தனமும் செய்ய விரும்புகிறார் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்; நற்கருணை கொண்டுவரும் பணியாளர் பொதுநிலையினராக இருந்தால் அதற்கென ஒரு குருவானவர் தனியாக வரவேண்டியிருக்கும். வரும் நாளில் ஒரு சிறிய மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையும் மெழுகுதிரியும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துவிடுங்கள். அந்த மேசையை ஆயத்தப்படுத்தும் வேலையை முதல் நன்மைக்குக் காத்திருக்கும் உங்கள் மகளிடம் கொடுக்கலாம்.